எடைக்குப் போடாதீங்க, பெரியப்பா!

போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வீட்டில் ஒரு மாநாடு. அஜெண்டா ஒன்றே ஒன்றுதான். மாட்டுக்கொட்டகை பக்கத்தில் தகரக் கூரைக்குக் கீழே நிற்கிற ஜீப்பை எடைக்குப் போட்டுவிட்டு, அண்ணன் புது தார் வாங்கலாமா? (ரோடு போடுகிற தார் இல்லை. மஹிந்திரா தார். ராஜஸ்தான் பாலைவனத்தின் பேர்.) பெரியப்பா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் செல்போனில் கலர் காட்டிக்கொண்டிருந்தான். பழைய இரும்புக்காரர் ஏற்கனவே வந்து பார்த்து, நாற்பத்தைந்தாயிரம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கடைசியில் எல்லார் பார்வையும் என் மேல் திரும்பியது. "நீதான் பி.காம் படிக்கிறியே, கணக்குப் போட்டுச் சொல்லுடா" என்றார் பெரியப்பா.

போட்டேன். அன்றைக்கு ராத்திரியே போட்டேன். போட்டதை வீட்டில் சொன்னபோது பாதிதான் கேட்டார்கள், மீதிக்குள் சண்டை வந்துவிட்டது. அதனால் முழுசாக இங்கே எழுதுகிறேன். அண்ணனும் படிப்பான் என்று தெரியும். வணக்கம்ணே :-)

முதலில் ஜீப் பற்றி. மஹிந்திரா எம்.எம்.540. 1998 பதிவு. பியூஜோ உரிமத்தில் இங்கே செய்த 2.1 லிட்டர் டீசல் இன்ஜின், முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங் பட்டை, கியர் லீவர் பக்கத்தில் ஃபோர் வீல் டிரைவுக்குத் தனி லீவர். பவர் ஸ்டீயரிங் கிடையாது, ஏ.சி. கிடையாது, ஏர்பேக் என்றால் பெரியப்பா என்னவென்று கேட்பார். சிறுசேரியில் சிப்காட் கட்டடங்கள் இவ்வளவு உயரமாக எழும்புவதற்கு முன்னால், வைக்கோலும் உர மூட்டையும் ஏற்றிக்கொண்டு தையூர், மாம்பாக்கம் என்று சேற்றில் சுற்றிய வண்டி. 15 வருடம் முடிந்து 2013லும், பிறகு 2018லும் பதிவைப் புதுப்பித்தார்கள். 2023ல் பெரியப்பாவுக்கு முட்டி ஆபரேஷன். யாரும் ஆர்.டி.ஓ. பக்கம் போகவில்லை. அன்றிலிருந்து நிற்கிறது. கோழி முட்டை போடுகிற இடமாகிவிட்டது.

இனி எதிர்த்தரப்பு வாதம். அண்ணன் சொல்வதை அப்படியே தருகிறேன், பிறகு நான் திரித்துவிட்டேன் என்று சொல்லக்கூடாது. ஒன்று, பழசு ஆபத்து. இரண்டு, பழசு புகை. மூன்று, பழசுக்குச் செலவு பண்ணினால் முடிவே இருக்காது, ஓட்டைப் பாத்திரம். நான்கு, புது தார் நம்ம ஊர் வண்டி. இந்த நாலாவது வாதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. உண்மையும்கூட. செங்கல்பட்டு பக்கம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2012லிருந்து இருக்கிற ரிசர்ச் வேலியில் உருவான வண்டிதான் அது. எங்கள் வீட்டிலிருந்து பைக்கில் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் பக்கத்து ஊரில் உருவாக்கினார்கள் என்பதற்காக வாங்குவதென்றால் நான் ஒரகடத்தில் செய்கிறதையெல்லாம் வாங்கி வீட்டில் அடுக்க வேண்டும்.

முதல் வாதம் கனமானது. அதை நான் ஊதித் தள்ளப் போவதில்லை. 2020 நவம்பரில் குளோபல் என்.சி.ஏ.பி. சோதனையில் தார் 4 நட்சத்திரம் வாங்கியது. எம்.எம்.540ஐ அப்படிச் சுவரில் மோத விட்டால் நட்சத்திரம் நாம்தான் பார்ப்போம். ஸ்டீயரிங் தண்டு நெஞ்சுக்கு நேராக நிற்கிற வண்டி அது. பக்கத்தில் கதவுக்குப் பதில் கான்வாஸ் படுதா. ஏ.பி.எஸ். இல்லை. இதை மறைத்துவிட்டு "அந்தக் காலத்து இரும்புடா, மோதினா எதிர் வண்டிதான் காலி" என்று ஜல்லியடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். கெட்டித் தகரம் மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்ளாது, உள்ளே உட்கார்ந்திருக்கிறவனுக்கு அப்படியே கொடுத்துவிடும். குழந்தையை வைத்துக்கொண்டு வாராவாரம் பெங்களூருக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிற குடும்பம் பழைய ஜீப்பில் போகக்கூடாது. கூடவே கூடாது.

ஆனால் அந்தக் குடும்பத்துக்குத் தாரும் வேண்டாமே. அதே பணத்துக்கு நல்ல கார் கிடைக்கிறது. டிக்கியில் பெட்டி வைக்கலாம், பின் சீட்டில் பாட்டி ஏறி இறங்கலாம்.

இங்கேதான் நான் கேட்க நினைக்கிற கேள்வி வருகிறது. காடு மேடு ஏறுகிற வண்டியை எதற்கு வாங்குகிறோம்? அண்ணன் ஆணி பிடுங்குகிற ஆபீஸ் சிப்காட் உள்ளே. வீட்டிலிருந்து 4 கிலோமீட்டர். அதற்கு அவனிடம் பைக் இருக்கிறது. வார இறுதியில் ஈ.சி.ஆர்., மிஞ்சிப் போனால் ஏலகிரி. மெட்ரோ வேலைக்காக ஓ.எம்.ஆரைத் தோண்டிப் போட்ட வருடங்களில் வேண்டுமானால் ஃபோர் வீல் டிரைவுக்கு ஒரு நியாயம் இருந்தது.

தாரிலேயே இரண்டு ஜாதி உண்டு என்பதும் பலருக்குத் தெரியாது. 2020 அக்டோபரில் வந்தபோது எல்லாத் தாரிலும் நாலு சக்கரமும் இழுக்கும். 2023 ஜனவரியில் பின்சக்கரம் மட்டும் இழுக்கிற மலிவு மாடல் ஒன்று வந்தது. அதன் 1.5 லிட்டர் டீசல் இன்ஜின் சும்மா வரவில்லை, வரிக்காக வந்தது. 4 மீட்டருக்குள் நீளம், 1500 சி.சி.க்குள் டீசல் என்றால் சின்னக் கார் கணக்கு. 2025 செப்டம்பர் 22லிருந்து சின்னக் காருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40 சதவீதம். அதாவது மலை ஏறுகிற தாருக்கு 40, மலை ஏறுகிற மாதிரி முகம் மட்டும் வைத்திருக்கிற டீசல் தாருக்கு 18. அண்ணனின் நண்பன் ஒருவன் அந்த இரண்டாவது ரகத்தை வாங்கிவிட்டு, "வெளியே பாத்தா ஒண்ணுதானே மச்சி" என்றானாம். நேர்மையான மனிதன். நம்மில் பாதிப் பேர் வாங்குவது அந்த வெளித்தோற்றத்தைத்தான். அவன் ஒருவன் வாய்விட்டுச் சொல்லிவிட்டான்.

நிஜமாகவே நாலு சக்கரமும் இழுக்க வேண்டிய இடத்தில் என்ன ஓடுகிறது? போன வருடம் நாங்கள் ஐந்து பேர் கொழுக்குமலை போனோம். தேயிலைத் தோட்டம் நம்ம தேனி மாவட்டத்தில் இருக்கிறது, ஆனால் வண்டியில் போக வழி கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், ரோடு என்று சொன்னால் ரோடு கோபித்துக்கொள்ளும். பாறை, பள்ளம், மறுபடி பாறை. விடியற்காலை நாலு மணிக்கு இருட்டில் வரிசையாக ஜீப்புகள் ஏறும். நாங்கள் பார்த்தவரை எல்லாம் பழைய மஹிந்திராதான். கமாண்டர், மேஜர், எங்கள் பெரியப்பாவுடையது போலவே ஒன்றிரண்டு எம்.எம்.540. எங்கள் டிரைவருக்கு என் வயதுதான் இருக்கும். வண்டிக்கு எங்களைவிட வயது அதிகம். "புது வண்டி வாங்கலாமே அண்ணே" என்று எங்களில் ஒருவன் கேட்டான். "இதுல பட்டை ஒடிஞ்சா நானே இறங்கி மாத்திருவேன். புதுசுல லைட்டு எரிஞ்சா கீழ போயி கம்ப்யூட்டர் மாட்டணும். அன்னைக்கு எனக்கு சோறு யாரு போடுவா?" என்றார்.

காலையில் போடியிலிருந்து மேலே ஏலத்தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிப் போகிற ஜீப்புகளும் இந்த ரகம்தான். (அளவுக்கு மேல் ஆள் ஏற்றி அவர்கள் உயிரோடு விளையாடுகிறார்கள். அது தனிக் கோபம், இன்னொரு நாள் எழுதுகிறேன்.) இவர்கள் யாரும் ரெஸ்டோரேஷன் என்ற வார்த்தையைப் பயன்படுத்துவதில்லை. பழுது பார்க்கிறார்கள், ஓட்டுகிறார்கள், மறுபடி பழுது பார்க்கிறார்கள். பழசு மீது பாசம் என்றெல்லாம் ஒன்றும் இல்லை. அவர்களுக்கு அதுதான் கட்டுபடியாகிறது.

வண்டி அப்படி நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. மஹிந்திரா கதை 1945ல் லூதியானாவில் மஹிந்திரா அண்ட் முகம்மது என்று தொடங்குகிறது. பாகிஸ்தான் பிரிந்ததும் பங்குதாரர் குலாம் முகம்மது அங்கே போய் முதல் நிதியமைச்சராகி, பிறகு கவர்னர் ஜெனரலும் ஆனார். 1948ல் கம்பெனி பெயர் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா என்று மாறியது. (பார்ட்னர்ஷிப் பாடத்தில் பங்குதாரர் விலகல் என்று ஒரு கணக்கு வரும். இதைவிடப் பெரிய உதாரணம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது.) 1947லிருந்து பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாக இறக்கிப் பூட்ட ஆரம்பித்தார்கள். பிறகு உரிமம் வாங்கி இங்கேயே செய்தார்கள். இரண்டாம் உலகப் போருக்காக, பயிற்சி இல்லாத சிப்பாயும் கையில் ஸ்பானரோடு கழற்றி மாட்ட வேண்டும் என்று வரைந்த வண்டியின் வம்சம். அந்த எளிமைதான் ஐம்பது வருடத்துக்கும் மேல் இங்கே ஓடியது. அதனால் ஒரு மாடலின் பாகம் அடுத்த மாடலுக்குப் பொருந்தும். புதுப்பேட்டையில் அரை நாள் சுற்றினால் கிரவுன் பினியன் முதல் கதவுக் கொண்டி வரை கிடைக்கும்.

அந்தப் பழைய உருவத்தின் மதிப்பு மஹிந்திராவுக்கே தெரியும். 2018ல் அமெரிக்காவின் மிச்சிகனில் ராக்ஸர் என்று ஒரு வண்டி செய்து விற்றார்கள். முதல் தலைமுறைத் தாரின் தம்பி. 2020ல் அங்கே சர்வதேச வர்த்தக ஆணையம் "இது ஜீப் மாதிரியே இருக்கிறது" என்று தடை போட்டது. முகத்தை மாற்றிய பிறகுதான் விட்டார்கள். ஒரு பெரிய கம்பெனி வழக்கு நடத்துகிற அளவுக்கு மதிப்புள்ள உருவத்தைத்தான் நாம் கிலோ கணக்கில் விற்கப் பார்க்கிறோம்.

சரி, கணக்குக்கு வருவோம். அண்ணன் பார்த்து வைத்திருக்கிற ஃபோர் பை ஃபோர், ஷோரூம் விலை சுமார் 15 லட்சம். 2023 நவம்பரிலிருந்து நம்ம மாநிலத்தில் 10 முதல் 20 லட்சம் வரை விலையுள்ள காருக்கு வாழ்நாள் வரி 18 சதவீதம். அதுவே 2 லட்சத்து 70 ஆயிரம். இன்சூரன்ஸ், இதர சில்லறை எல்லாம் சேர்த்து ரோட்டுக்கு வரும்போது பதினெட்டரை லட்சம் என்று வையுங்கள். கையிலிருந்து நாலரை லட்சம், கடன் 14 லட்சம். 9.5 சதவீத வட்டி, 7 வருடம். மாதத் தவணை 22,880 ரூபாய். 84 மாதத்தில் கட்டி முடிக்கிற மொத்தம் 19 லட்சத்து 22 ஆயிரம். வட்டி மட்டும் 5 லட்சத்து 22 ஆயிரம்.

அந்த வட்டியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஜீப்புக்குத் தாம்பரத்தில் பெரியப்பாவுக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவர் வந்து பார்த்துச் சொன்னது: இன்ஜினை இறக்கி, போர் பண்ணி, பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் மாற்ற 90 ஆயிரம். டீசல் பம்ப், நாசில் வேலை 15. கியர் பாக்ஸ், ஃபோர் வீல் பெட்டி, சீல்கள் 35. பிரேக் முழுசாக 20. அடித்தகடு அறுத்து வைத்து டிங்கரிங், பட்டி, பெயிண்டிங் ஒரு லட்சத்துப் பத்து. ஒயரிங் 15, ஐந்து டயர் 35, சீட்டும் படுதாவும் 20, "கழட்டினாத்தான் தெரியும்" வகையறா 40. கூட்டினால் 3 லட்சத்து 80 ஆயிரம். இதற்கு மேல் காகிதம். 20 வருடம் தாண்டிய காருக்குப் பதிவு புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10 ஆயிரமாக ஏற்றிவிட்டார்கள். தாமதத்துக்கு மாதம் 500 ரூபாய் அபராதம், எங்களுக்கு ரெண்டரை வருடக் கணக்கு, 15 ஆயிரம். பசுமை வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்று தனி. 4 லட்சத்து 20 ஆயிரம் ஆகும். பட்டறைக் கணக்கை நம்பி யாரும் ஜெயித்ததில்லை என்பதால் நான் 5 லட்சம் என்றே எழுதிக்கொண்டேன்.

அதாவது புது வண்டிக் கடனுக்குக் கட்டுகிற வட்டியில் பழைய வண்டி முழுசாக எழுந்து நின்றுவிடும், மிச்சமும் இருக்கும்.

"டேய், 5 லட்சத்தை பேங்கில் போட்டால் வட்டி வருமே, அதைச் சேர்த்தியா?" என்றான் அண்ணன். சேர்த்தேன். நான் படிப்பதே அதுதானே. இரண்டு பக்கமும் 7 சதவீதம் சேர்த்தேன். தார் 7 வருடம் கழித்து 9 லட்சத்துக்கு விற்கும் என்று தாராளமாக வைத்தேன், ஜீப் விற்றால் ஒரு பைசா வராது என்று கஞ்சத்தனமாக வைத்தேன். ஜீப்புக்கு வருடா வருடம் 40 ஆயிரம் ரிப்பேர், 2 தடவை பதிவுச் செலவு எல்லாம் போட்டேன். அப்படியும் 7 வருடத்தில் தாருக்கு ஏறக்குறைய 19 லட்சம் போகிறது, ஜீப்புக்குப் பத்தரை லட்சம். டீசல் செலவைச் சேர்க்கவில்லை. இரண்டும் குடிக்கும்.

இந்த எட்டரை லட்ச வித்தியாசத்தைவிட எனக்கு முக்கியமாகத் தெரிவது வேறு. 5 லட்சத்தை ஒரே நாளில் எடுத்து வைக்க வேண்டியதில்லை. முதலில் இன்ஜின், பிரேக், காகிதம். வண்டி ஓடும். அடுத்து கியர் பாக்ஸ். பெயிண்ட் கடைசி. அண்ணன் தவணையாகக் கட்டத் தயாராக இருக்கிற அதே 22,880 ரூபாயை மாதாமாதம் ஜீப்புக்குக் கொடுத்தால் 22 மாதத்தில் 5 லட்சம் முடிந்துவிடுகிறது. நடுவில் வேலை போனால்? (ஐ.டி.யில் கேட்கக்கூடாத கேள்வி, ஆனால் போன வருடம் அவன் டீமிலேயே நாலு பேருக்குப் போனது.) ஜீப் வேலையை அப்படியே நிறுத்திவிடலாம். மேஸ்திரி வீட்டு வாசலில் ஆள் அனுப்ப மாட்டார். தவணையை நிறுத்திப் பாருங்கள்.

அந்த நாலரை லட்சம் முன்பணம் எங்கிருந்து வருகிறது என்றும் சொல்ல வேண்டும். பெரியப்பாவின் எஃப்.டி. அது யாருக்காகப் போட்டது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தங்கச்சி பிளஸ் டூ முடிக்கப் போகிறாள். மாநாட்டில் அவளும் கதவு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, அவளும் திறக்கவில்லை. நான் கணக்கு வாசித்தபோது அந்த வரியில்தான் சண்டை வந்தது.

இனி எங்கள் பக்கத்து ஆட்களையும் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது. பழைய ஜீப்பை மீட்கிறோம் என்று சொல்லிக்கொண்டு செய்கிற கூத்து கொஞ்ச நஞ்சமில்லை. ஹரியானா எல்லையில் மண்டி டப்வாலி என்று ஓர் ஊர், திறந்த ஜீப் கட்டுவதற்குப் பேர் போனது. அந்தப் பாணியில் பொலேரோ இன்ஜின், லாரி சைஸ் டயர், கண்ணைக் குருடாக்குகிற லைட், நடுவில் சிங்கத் தலை. இது ரெஸ்டோரேஷன் இல்லை, மாறுவேடப் போட்டி. சட்டத்திலும் இடமில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, தயாரித்தவர் கொடுத்த விவரத்திலிருந்து பதிவுச் சான்றிதழ் விவரம் மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக்கூடாது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரி 9ல் உச்ச நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. பழைய இன்ஜினுக்குப் பதில் அதே வகை இன்ஜின் வைப்பதென்றாலும் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கிச் செய்ய வேண்டும். நம்பர் மாறின இன்ஜினோடு விபத்தில் மாட்டினால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் ஆர்.சி.யைத்தான் கேட்கும்.

இதிலிருந்து இன்னொன்றும் வருகிறது. வீட்டில் ஜீப் இல்லாதவர்கள், இதைப் படித்துவிட்டு ஆவேசப்பட்டு ஆன்லைனில் எதையாவது பிடித்துவிடாதீர்கள். ராணுவ ஏலத்தில் எடுத்த ஜிப்சி, வேறு மாநிலத்துப் பதிவு, என்.ஓ.சி. "வந்துகிட்டே இருக்கு", சேஸிஸ் நம்பர் துருவில் தெரியவில்லை... இதெல்லாம் வண்டி இல்லை, வழக்கு. காகிதம் முதலில், இரும்பு பிறகு. எங்கள் கதையில் பலமே இதுதான். ஒரே கை, ஒரே குடும்பம், முதல் நாளிலிருந்து எல்லாத் தாளும் பெரியம்மாவின் பட்டுப் புடவைப் பெட்டியில் இருக்கிறது.

புகை வாதம் மிச்சம் இருக்கிறது. 1998 வண்டி பாரத் ஸ்டேஜ் விதியே நாடு முழுக்க வராத காலத்தது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசலோடு ஒப்பிட்டால் கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் பல மடங்கு கக்கும். உண்மை. பம்ப்பும் நாசிலும் சரி செய்தால் கரும்புகை போகும், நைட்ரஜன் ஆக்சைடு போகாது. தினம் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவன் பழைய டீசல் ஓட்டினால் நானே திட்டுவேன். ஆனால் எங்கள் ஜீப் வருடத்துக்கு 3,000 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். புது வண்டி ஒன்றைச் செய்வதற்கு உருக்குகிற இரும்பு, பிளாஸ்டிக், பெயிண்ட் எல்லாம் காற்றில் வாசனையா சேர்த்தது? இன்னொரு சங்கதி. புது டீசலில் கரியைப் பிடிக்கிற வடிகட்டி உண்டு. அது சுத்தமாக வண்டி கொஞ்ச நேரமாவது நெடுஞ்சாலை வேகத்தில் ஓட வேண்டும். வீடு, ஆபீஸ், வீடு என்று 4 கிலோமீட்டர் ஓட்டினால் வடிகட்டி அடைத்துக்கொண்டு லைட் எரியும். அண்ணனுடைய ஓட்டத்துக்கு அந்த டீசல் சரிப்படாது என்பதை ஷோரூமில் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

"பத்து வருஷம் ஆனா டீசல் வண்டியை அரசாங்கமே எடுத்துக்கும்" என்று பெரியம்மாவை யாரோ பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். அது டெல்லி வட்டாரத்துக்கான விதியைப் பற்றிய பேச்சு. 2021ல் வந்த பழைய வாகனக் கொள்கையில்கூட 15 வருடத்தோடு கட்டாயமாக ஓய்வு பெறுவது அரசாங்க வண்டிகள்தான், 2023 ஏப்ரலிலிருந்து. தனியார் வண்டி தகுதியாக இருந்தால், கட்டணம் கட்டினால், ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். ஏத்திக்கொண்டே போகிற கட்டணத்தைப் பார்த்தால் நாமாகவே எடைக்குப் போட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள் போல இருக்கிறது. என் கோபத்தில் கால்வாசி அதற்கு.

கொஞ்சம் கொசுவர்த்தி. 2015 டிசம்பர். எனக்குப் பத்துப் பதினோரு வயது. அடையாறு பொங்கி முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் கழுத்தளவு. முடிச்சூரில் எங்கள் அத்தை வீடு. தண்ணீர் கொஞ்சம் வடிந்த அன்று பெரியப்பா ஜீப்பில் பால் பாக்கெட், பிரட், குடிநீர் கேன் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். தெருவில் கார்கள் மூக்கு வரை முங்கி நின்றன. பெரியப்பா லீவரைத் தள்ளி, முதல் கியரில், ஆக்ஸிலேட்டரை ஒரே மாதிரி மிதித்துக்கொண்டு போனார். மெக்கானிக்கல் பம்ப் டீசலுக்கு ஓட ஆரம்பித்த பிறகு பேட்டரிகூட வேண்டாம். காற்று இழுக்கிற வாய்க்குத் தண்ணீர் ஏறாத வரை போகும். ஏறினால் அதோடு சரி. அன்றைக்கு அத்தையை மட்டும் கூட்டி வரவில்லை. திரும்பும்போது ஜீப்பில் பதினோரு பேர் இருந்தோம், இரண்டு நாய். எனக்கு அந்தப் பாட்டிகள் யாரென்றே தெரியாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது ஜீப் தகரக் கூரைக்குக் கீழே நின்றது. பெரும்பாக்கத்தில் என்னோடு படிக்கிறவன் வீட்டு மாடியில் இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் இருந்தான். பெரியப்பா வாசலில் நின்று ஜீப்பைப் பார்த்துவிட்டு உள்ளே போனதை நான் பார்த்தேன். நியாயமாகச் சொன்னால் புது தாரும் 650 மில்லிமீட்டர் தண்ணீரில் போகும் என்று கம்பெனியே சொல்கிறது. போகட்டும். ஆனால் 14 லட்சம் கடன் பாக்கியுள்ள வண்டியைச் சாக்கடைத் தண்ணீரில் இறக்க அண்ணனுக்கு மனசு வருமா? அதை அவனிடமே கேட்டேன். "நான் ஏன்டா இறக்கப் போறேன்" என்றான்.

அப்புறம் என்ன? அவன் வாங்கப் போவது எதற்கு?

மாநாடு முடிவில்லாமல் கலைந்தது. ஆனால் பெரியப்பா நேற்று போன் பண்ணினார். பழைய இரும்புக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அண்ணன் இன்னும் என்னோடு பேசவில்லை. பதிவு புதுப்பிக்கிற படிவம் 25ஐ நான் பூர்த்தி செய்து வைத்திருக்கிறேன், கையெழுத்து மட்டும் பாக்கி. கோழிக்கு வேறு இடம் பார்த்தாகிவிட்டது.

வருகிற சனிக்கிழமை காலை மேஸ்திரி வருகிறார். இரண்டரை வருடம் நின்றதில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, பின் டயர் இரண்டும் மண்ணில் இறங்கிவிட்டன. ஜாக்கி வைத்துத் தூக்கி ரோடு வரை தள்ள ஆறேழு பேர் வேண்டும். நம்ம செட் பசங்க யார் வந்தாலும் சரி, பெரியம்மா மீன் குழம்பு வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். நல்ல ஜாக்கி இருக்கிறவர்கள் கையோடு கொண்டு வரவும்.